பாட்டா வீடு குழு: ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம்

கணேசன்: அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் ஆண்டுத் திதி முடிந்த பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை இது. முக்கடல் சங்கமத்தில் தர்ப்பணம். விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் எல்லோரும் முந்தின நாள் மதியத்துக்குள் கொட்டாரம் வந்து சேர வேண்டும். யார், எத்தனை பேர், எந்த வண்டி என்று இங்கேயே எழுதவும். தனியாக எனக்கு அனுப்பினால் நான் மறந்துவிடுவேன்.

பிரேமா: நாங்கள் நால்வர் அத்தான். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்.

அருண்: நான் மட்டும். திரும்பும்போது திருவனந்தபுரத்தில் விமானம். அமாவாசைக்கு மறுநாள் இரவு.

அனிதா: நாங்கள் மூவர். காரில்.

விக்னேஷ்: பெரியப்பா, முந்தின நாள் மாலையும் மறுநாள் காலையும் சும்மாதானே இருப்போம்? எங்கேயாவது நடக்கப் போகலாமா? சின்ன மலை ஏதாவது. எளிதாக.

செல்வி: யாருக்கு எளிதாக?

விக்னேஷ்: எல்லோருக்கும் அத்தை

செல்வி: என் முட்டிக்கு எளிதான மலை ஒன்று இருந்தால் சொல். வருகிறேன்.

சண்முகம்: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

அனிதா: மாமா, மணி மாலை ஐந்தரை

சண்முகம்: அது நாளைக்கு

கணேசன்: விக்னேஷ் கேட்டது நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன். முந்தின நாள் மாலைக்கு வட்டக்கோட்டை. ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கோட்டைச் சுவரின் மேலே போகச் சாய்தளம் இருக்கிறது, படியே தேவையில்லை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கீழே கறுப்பு மணல். இது திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார் டச்சுப் படைத் தலைவர் டிலனாய். பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்தார். இந்தக் கோட்டையைக் கட்டியதும் அவர் மேற்பார்வையில்தான். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதாவது ஒரு மனிதன் தோற்ற இடத்திலேயே

கணேசன்: விரல் பட்டுப் பாதியில் போய்விட்டது. தொடர்கிறேன்.

விக்னேஷ்: பெரியப்பா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்

கணேசன்: அதற்குத்தான் வருகிறேன்.

முருகன்: 1741இல் தொடங்கியிருக்கிறார். நம் வேனுக்கு வந்து சேர நாளாகும்.

சரோஜா: 😀

கணேசன்: கேலி செய்பவர்கள் செய்யட்டும். மறுநாள் காலை மருந்துவாழ் மலை. பொற்றையடியிலிருந்து ஏற வேண்டும். ஏறக்குறைய 800 அடி. பாதி தூரம் படி, அதற்கு மேல் வெறும் பாறை. ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருந்தால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உடைந்து விழுந்த துண்டு என்பது கதை. நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான். அருணுக்குத் தனியாக ஒரு யோசனை: விமானத்துக்குப் போகும் வழியில் மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலையைப் பார்த்துவிட்டுப் போ. கல் பாவிய பாதை, நிழல், அவசரமே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பின்னால் அது பகவதி கோயிலாயிற்று. தீர்த்தங்கரர்களும் அங்கேயே இருக்கிறார்கள், பகவதியும் இருக்கிறாள், சண்டை ஒன்றும் இல்லை.

செல்வி: நம் வீட்டைவிட நன்றாகத்தான் இருக்கிறார்கள்

அருண்: சரி பெரிய மாமா. சிதறால் எனக்குப் பிடித்திருக்கிறது. பெட்டியை எங்கே வைப்பது?

அனிதா: யாழினி கண்ணாடிப் பாலம் கேட்கிறாள்

கணேசன்: விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையில் உள்ளது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அதை நடை என்று கணக்கில் சேர்க்க முடியாது. மேலும் ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதே.

அனிதா: கொடுத்துவிட்டேன் அப்பா

முருகன்: மருந்துவாழ் மலை என்றால் நான் வருகிறேன். அப்பா என்னை உச்சி வரைக்கும் கூட்டிக்கொண்டு போன மலை. இறங்கும்போது வழுக்கி முழங்கால் கிழிந்து, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை வந்தார். தழும்பு இன்னும் இருக்கிறது.

கணேசன்: தூக்கிக்கொண்டு வந்தது நான்.

முருகன்: அண்ணன், அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு வயது

கணேசன்: பதின்மூன்று. உனக்கு ஆறு. எலும்பும் தோலுமாக இருந்தாய். அப்பா முன்னால் தண்ணீர்ச் செம்போடு போனார்.

விக்னேஷ்: 🍿

பிரேமா: விக்னேஷ்!

சரோஜா: முந்தின நாள் இரவுக்கு இட்லி போதுமா, இடியாப்பமா? தர்ப்பணம் கொடுப்பவர்கள் இருவரும் முந்தின நாளே சைவம்.

முருகன்: மறுநாள் நெத்திலி அவியல் உண்டா மதினி?

சரோஜா: மலையிலிருந்து முழுசாக இறங்கி வந்தால் உண்டு

விக்னேஷ்: வாக்கெடுப்பு: மறுநாள் காலை எங்கே?
◻ மருந்துவாழ் மலை, உச்சி வரை: 3
◻ மருந்துவாழ் மலை, பாதி வரை: 2
◻ கண்ணாடிப் பாலம்: 4
◻ தூக்கம்: 5

கணேசன்: பதினான்கு வாக்குகள் எப்படி வந்தன? மொத்தமே பதினொரு பேர்தான் இந்தக் குழுவில்.

அருண்: ஒருவர் இரண்டுக்குப் போடலாம் பெரிய மாமா

கணேசன்: அப்படியென்றால் அது வாக்கெடுப்பே அல்ல.

சண்முகம்: நான் தூக்கத்துக்குப் போட்டேன். ஆனால் வருகிறேன்.

முருகன்: அண்ணன், பொற்றையடிக்குத் தோப்பு வழியாகத்தானே போவோம்? பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கணேசன்: தோப்பு வழியாக வேண்டாம். பெரிய சாலையிலேயே போகலாம்.

முருகன்: ஏன்?

கணேசன்: இப்போது அங்கே வேறு ஒருவருடைய வேலி இருக்கிறது. அப்பா நட்ட தென்னையை வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

முருகன்: அது என் பங்கு. மூன்று வருடமாகத் தேங்காய் வெட்ட ஆள் இல்லாமல் கிடந்தபோது யாருக்கும் அந்த விருப்பம் இருக்கவில்லை.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அனிதா: அப்பா, என்ன நீக்கினீர்கள்?

கணேசன்: எழுத்துப் பிழை.

செல்வி: வேனில் எத்தனை இருக்கை?

பிரேமா: மதினி, உங்கள் ஊரில் மட்டிப் பழம் இப்போது என்ன விலை? இங்கே கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் அந்த மணம் இல்லை.

செல்வி: ஒரு குலை எடுத்து வைக்கிறேன் பிரேமா. படையலுக்கும் ஆகும்.

கணேசன்: இன்னொரு யோசனை. உயரம் ஏற முடியாதவர்களுக்கு மாத்தூர் தொட்டிப் பாலம். சமதளம். 115 அடி உயரம், 28 தூண்கள். மேலே தொட்டியில் பாசனத் தண்ணீர், பக்கத்திலேயே நடைபாதை, கீழே பறளியாறு. பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதன் கட்டுமானத்தைப் பார்ப்பதற்கே ஒரு நாள் ஒதுக்கலாம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அப்பா கூட்டிப்போனார். நாங்கள் மூவரும் அக்கரை போய்த் திரும்பினோம். அப்பா கடலை வாங்கிக்கொண்டு இந்தக் கரையிலேயே இருந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் காத்தார்.

செல்வி: ஆமாம். நாங்கள் வருவதற்குள் கடலையும் தீர்ந்திருந்தது.

அருண்: மாத்தூர் கொட்டாரத்திலிருந்து ரொம்ப தூரம் பெரிய மாமா. அன்று முடியாது.

கணேசன்: தகவலுக்காகச் சொன்னேன்.

செல்வி: அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தோப்பை மட்டும் விட்டுவிட்டேன். பேசுகிறார்களாம்.

செல்வி: 🎤 குரல் செய்தி 2:06

விக்னேஷ்: அத்தை, ஆச்சி பேசும்போது பின்னால் மிக்சி ஓடுகிறது. ஒன்றும் கேட்கவில்லை.

செல்வி: எழுதுகிறேன், பொறு.

செல்வி: ஆச்சி சொல்வது இது. பாட்டா அந்த மலை உச்சிக்கு ஒருநாளும் போனதில்லையாம். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். படி முடிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளைகளை அனுப்பிவிடுவார். வாத்தியார் பயந்தார் என்று ஊரில் பேசுவார்கள் என்பதால் வெளியே சொல்லக் கூடாது என்று ஆச்சியிடம் கேட்டுக்கொண்டாராம்.

முருகன்: என்னை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாரே

செல்வி: உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான். என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். நீ விழுந்ததற்கு அடியும் எனக்குத்தான் விழுந்தது.

கணேசன்: தூக்கியது நான்.

செல்வி: அதையும் கேட்டேன். அங்கே புல் அறுக்க வந்த ஒரு அக்கா தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டாராம். ஆச்சி அவருக்கு ஒரு படி அரிசி கொடுத்தார்களாம். நீங்கள் அழுதுகொண்டே பின்னால் வந்தீர்களாம் அண்ணன்.

விக்னேஷ்: 🍿🍿

கணேசன்: அம்மாவுக்கு வயது எண்பத்து நான்கு. நினைவு முன்னே பின்னே இருக்கும்.

செல்வி: மாத்தூரில் செருப்புக்குக் காவல் இருந்தார் என்று நீங்களேதானே எழுதினீர்கள்?

அனிதா: அப்பா?

அனிதா: நீலக் குறி விழுந்துவிட்டது. வாசித்துவிட்டார்.

முருகன்: அந்தப் புல் அறுத்த அக்கா யார்? பெயர் ஏதாவது சொன்னார்களா?

செல்வி: கேட்டேன். ஆச்சிக்கு முகம்தான் நினைவிருக்கிறதாம். அரிசியை முந்தானையில் வாங்கினாராம்.

கணேசன்: அப்படியென்றால் மருந்துவாழ் மலையில் எல்லோரும் பாதி வரை போவோம். படி முடிகிற இடம் வரை. அதற்கு மேல் விருப்பம் உள்ளவர்கள் போகட்டும். நான் அங்கே இருந்துகொள்கிறேன்.

அருண்: செருப்பைப் பார்த்துக்கொள்வீர்களா பெரிய மாமா?

கணேசன்: பார்த்துக்கொள்கிறேன்.

செல்வி: ஆச்சி வட்டக்கோட்டைக்கு வருகிறார்களாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேனில் ஏற்ற வேண்டும். ஆடிக் காற்றில் கோட்டை மேல் வேண்டாம் என்றேன். அம்மி பறப்பதை இன்னும் பார்க்கவில்லை, இப்போதாவது பார்க்கிறேன் என்கிறார்கள்.

முருகன்: அக்கா, அப்பாவின் கைத்தடி உன்னிடம்தானே இருக்கிறது?

செல்வி: இருக்கிறது.

முருகன்: மலைக்குக் கொண்டு வருவாயா? நான் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்.

செல்வி: கொண்டு வருகிறேன். திரும்பும்போது என்னோடுதான் வரும்.

முருகன்: சரி அக்கா

பிரேமா: காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஐந்தேகாலா, ஐந்தே முக்காலா?

கணேசன்: நாலே முக்கால்.

விக்னேஷ்: தூக்கத்துக்குப் போட்ட ஐந்து வாக்கு என்ன ஆனது?

சரோஜா: சுக்குக் காப்பி பிளாஸ்கில் போட்டுத் தருகிறேன். வட்டக்கோட்டைக்கா, மலைக்கா? இருப்பது ஒரு பிளாஸ்க்தான்.

அனிதா: மலைக்கு அம்மா. யாழினி படகு ஓடுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கணேசன்: கடலைக் கேட்கச் சொல்.

முருகன்: அண்ணன், பெரிய சாலையிலேயே போகலாம். எனக்கும் அந்த வேலியைப் பார்க்க வேண்டாம்.

கணேசன்: 👍

அருண்: என் பெட்டியை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை

சண்முகம்: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

அனிதா: மாமா, இப்போது சரியான நேரம். ஆமாம், வேன் யார் சொல்வது?