புழுத் தாடைகள் தனித்தனியாக உதிர்கின்றன, சேர்ந்தபடி எடுக்க வழி உண்டா?

ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், விஸ்பி பக்கத்துக் கடலோரச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துப் பாலிகீட்டா புழுக்களின் (கடலில் வாழும் வளையப் புழுக்கள்) தாடைப் புதைபடிவங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலூரியன் காலத்துக் கல், வயது சுமார் 43 கோடி ஆண்டுகள். தாடைகள் நிறையக் கிடைக்கின்றன: கறுப்பாக, பளபளப்பாக, ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை. ஆனால் எல்லாமே உதிரி. வலது பக்கத்து முதல் தாடையை ஒட்டி இருக்க வேண்டிய அடித்தகடுகூடத் தனியாகத்தான் வருகிறது.

முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரை பொங்கியதில் பல துண்டுகள் நொறுங்கின. அப்புறம் 10% அசிட்டிக் அமிலத்துக்கு மாறி, கிளறாமல் விட்டேன். 63 மைக்ரான் சல்லடையில் மெதுவாக அலசுகிறேன். காய்ந்தால் விரிசல் விடுவதால் ஈரத்திலேயே பொறுக்கி கிளிசரினில் போடுகிறேன். தாடைகள் முன்பைவிட முழுசாக வருகின்றன, சேர்ந்து மட்டும் வரவில்லை.

இது எனக்கு முக்கியம். ஒரே புழுவின் இடது, வலது தாடைகளே வேறு வேறு வடிவம். முன்பு ஆய்வாளர்கள் உதிரித் தாடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்துவிட்டார்கள். 1960களில் போலந்தில் தொல்லுயிரியலாளர் சோஃபியா கீலன்-யவரோவ்ஸ்கா பனியாறு தள்ளிவந்த பாறைகளிலிருந்து முழுத் தாடைத் தொகுதிகளை எடுத்த பிறகுதான் ஆர்டோவிசியன் (சிலூரியனுக்கு முந்தைய காலம்) முதலான இந்தப் புழுக்களின் பரிணாம வரிசை தெளிவானது.

அமில முறையில் செய்தவர்கள் சொல்லுங்கள்: தாடைத் தொகுதி கலையாமல் வர, கரைக்கும் முறையில் வேறு எதை மாற்ற வேண்டும்?