இழை: ‘ஸ்பிரிங் எஃபெமரல்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

ஸ்காபரோவிலிருந்து:

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் இங்கே கனடாவில், ரூஜ் பூங்காவில் ஒரு பூநடை ஒழுங்கு செய்திருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப்பேர் கமராப் பைத்தியங்கள். தாவரவியல் படித்தவர் ஒருவரும் இல்லை. முதலில் மண்டபத்தில் சின்னப் பேச்சு, அப்புறம் காட்டுக்குள் நடை. பேச்சு, கையேடு இரண்டுமே தமிழில். ‘வைல்ட்ஃபிளவர் வோக்’ என்பதற்குப் பூநடை என்று போட்டுவிட்டேன், அதில் தகராறு இல்லை. மாட்டிக்கொண்டது ‘ஸ்பிரிங் எஃபெமரல்’ என்ற சொல்லில்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இந்தப் பக்கத்துக் காடுகளில் மேப்பிள், பீச் மரங்கள் மே மாதத்தில்தான் இலை விரிக்கும். பனி கரைவதற்கும் மரங்கள் தழைப்பதற்கும் இடையில் சில கிழமைகள் மட்டும் வெயில் நேரே தரையில் விழும். அந்தச் சில கிழமைக்குள் இலைவிட்டு, பூத்து, காய்த்து, யூன் மாதம் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி மறைந்துவிடும் செடிகள் இருக்கின்றன. ட்ரௌட் லில்லி, ஸ்பிரிங் பியூட்டி, டச்மன்ஸ் பிரீச்சஸ் எல்லாம் அந்த வகை. இவற்றுக்குத்தான் அந்தப் பொதுப்பெயர்.

அகராதி வழியே போனால் ‘அற்பாயுள் தாவரம்’ என்று வந்து நிற்கிறது. ‘வசந்தப் பூண்டு’ என்று ஒன்று யோசித்தேன். பூண்டு என்றால் சிறுசெடி என்பது பழைய பொருள்தான், ஆனால் மனைவியிடம் சொன்னதும் “ரசத்துக்குப் போடலாமோ?” என்று கேட்டா. அதை விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, உள்ளிவாசம் வீசுகிற வைல்ட் லீக் என்ற செடியும் இதே காட்டில் இதே காலத்தில் இலைவிடும். சனம் கிண்டிக் கிண்டியே அது அருகிப்போய், பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 1995இலிருந்து விற்கவே தடை. பூண்டு என்று நானே சொல்லிக்கொடுத்துக் கிண்ட வைக்க வேண்டாம்.

உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

---

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பிக்கு,

நல்ல முயற்சி. எஃபெமரல் என்பது தாவரவியலில் புதிய சொல் அல்ல. பாலைநிலத்தில் மழை பெய்ததும் முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதை போட்டு மடிந்துவிடும் செடிகளையும் அப்படித்தான் சொல்வோம். வகுப்பில் நான் ‘குறுவாழ்வித் தாவரம்’ என்றே நடத்தினேன். அதன் முன்னால் பருவத்தைச் சேர்த்தால் முடிந்தது: இளவேனிற் குறுவாழ்வி. வசந்தம் வடசொல், இளவேனில் இருக்கும்போது அது எதற்கு? சித்திரை, வைகாசி என்ற கணக்கும் உங்கள் பூக்காலத்தோடு ஒத்துவருகிறது.

---

ஸ்காபரோவிலிருந்து:

> இளவேனிற் குறுவாழ்வி

ஐயா, இளவேனிலுக்குச் சம்மதம். இங்கே சித்திரையில் கையுறை போட்டுக்கொண்டுதான் நடக்கிறோம் என்பது வேறு கதை. குறுவாழ்விதான் இடிக்கிறது.

பாலைநிலத்துச் செடி மெய்யாகவே சாகிறது, விதை மட்டும் மிஞ்சும். இவை சாவதில்லை. மேலே உள்ள தழைதான் போகிறது. கீழே கிழங்கோ வேர்த்தண்டோ இருந்துகொண்டே இருக்கும்.

ட்ரௌட் லில்லியை எடுங்கள். பச்சை இலையில் பழுப்புத் திட்டுகள், ட்ரௌட் என்ற மீனின் தோலில் இருக்கிற புள்ளிகள் மாதிரி என்றுதான் பெயரே. காட்டில் ஒரே திட்டாக நூற்றுக்கணக்கில் இலைகள் நிற்கும், பூவோ ஆங்காங்கே ஒன்றிரண்டுதான். குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். பூக்காத செடிக்கு ஒற்றை இலை, பூத்ததற்கு இரண்டு. கிழங்கில் போதிய சேமிப்பு சேர்ந்த பிறகுதான் இரண்டாவது இலையும் நடுவில் தலைகுனிந்த மஞ்சள் பூவும் வரும். விதையிலிருந்து அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பல பத்தாண்டுகளாக அதே இடத்தில் இருக்கிற கூட்டத்தைப் போய்க் குறுவாழ்வி என்பதா?

இதே காட்டில் பூக்கும் ட்ரில்லியம் என்ற செடி இன்னும் மெதுவானது. விழுந்த விதை முதல் வசந்தத்தில் வேர் மட்டும் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வசந்தத்தில் ஒரு சின்ன இலை. முதல் பூவுக்கு ஏழு ஆண்டாவது வேண்டும்.

இதை நான் விடாமல் பிடிப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் ஆட்களிடம் அற்பாயுள், குறுவாழ்வு என்று சொன்னால், “எப்படியும் நாளைக்கு வாடப்போகிற பூதானே, சாமிக்கு வைப்போம்” என்று கை நீளும். போன வருஷம் ஒரு அன்ரி என்னிடம் கேட்டே விட்டா. ட்ரில்லியத்தில் ஒரே தண்டின் உச்சியில்தான் மூன்று இலைகள், அவற்றுக்கு மேலே பூ. பறிக்கிறபோது பெரும்பாலும் இலையும் சேர்ந்தே வந்துவிடும். அந்த ஆண்டுக்கு அதற்கு வேறு இலை கிடையாது, கீழே இருப்பது பட்டினி கிடக்கும். சட்டத்தைச் சொல்லித் தடுப்பதைவிட, இது ஏழு வருஷத்துப் பூ என்று சொன்னால் கை தானே மடங்கும். சொல்லே அதற்கு எதிராக நிற்கக் கூடாது.

இன்னொன்று. 1976இல் முல்லர், போர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் இதே ட்ரௌட் லில்லியை வைத்து ஒன்று காட்டினார்கள். பனி கரைந்த தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகவிருக்கும் நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் இந்தச் செடிகள் அந்த நேரம் பார்த்து உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. கோடையில் தழை மக்கியதும் அது மண்ணுக்குத் திரும்புகிறது. காட்டின் வரவுசெலவில் பங்கு வைத்திருக்கும் செடிக்கு, ஏதோ விருந்துக்கு வந்துபோன ஆள் என்கிற மாதிரிப் பெயர் வேண்டாம்.

---

சென்னையிலிருந்து:

குறிஞ்சி மாதிரி ஒன்று என்று சொல்லிவிட்டால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியுமே? ‘இளவேனிற் குறிஞ்சி’?

---

கோயம்புத்தூரிலிருந்து:

வணக்கம். சென்னை அண்ணா மன்னிக்கணும், குறிஞ்சி இதற்கு நேர்மாறு. நீலக்குறிஞ்சி 12 வருஷம் கண்ணுக்குத் தெரிய நின்று வளர்ந்து, ஒரே தடவை பூத்து, விதை போட்டுச் செத்துப்போகும். மூணாறில் 2018இல் பூத்த செடிகள் இப்போது இல்லை, அவற்றின் பிள்ளைகள்தான் இருக்கின்றன. பூ அரிதாக வருவதும் தழை சீக்கிரம் மறைவதும் ஒன்றில்லை.

உவமை வேண்டுமென்றால் காந்தளைச் சொல்லலாம். மழைக்குக் கிழங்கிலிருந்து கொடி வரும், பூக்கும், காய்க்கும், காய்ந்துபோகும். அடுத்த வருஷம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி வரும். காந்தளை யாரும் அற்பாயுள் என்று சொல்வதில்லை. ஆனால் காந்தள் மழையைப் பார்த்து எழுகிறது, ஸ்காபரோ அண்ணா சொல்லும் செடிகள் வெயிலைப் பிடிக்க எழுகின்றன. மர இலை வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் கதை. பருவப் பெயர்கூடத் தேவையில்லை, நிழலுக்கு முந்திக்கொள்கின்றன என்று சொன்னாலே போதும்.

என் யோசனை: நிழல்முந்தி.

தொட்டாற்சுருங்கி, பேய்மிரட்டி என்று செடி என்ன செய்கிறதோ அதையே பெயராக வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தானே. யாரும் உட்கார்ந்து மொழிபெயர்த்த மாதிரித் தெரியாது. கையேட்டில் “நிழல்முந்திச் செடிகள்” என்று போட்டால், எந்த நிழல், ஏன் முந்துகிறது என்று ஆட்கள் தாங்களே கேட்பார்கள். பேச்சுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

---

சென்னையிலிருந்து:

குறிஞ்சி வாபஸ். ஆனால் முந்தி என்றதும் எனக்குச் சேலை முந்திதான் ஞாபகம் வருகிறது.

---

பாளையங்கோட்டையிலிருந்து:

கோவை அம்மாவின் சொல் நன்றாக இருக்கிறது. குறுவாழ்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார். நிழலை முந்துவது நிழல்முந்தி. இரண்டாம் வேற்றுமைத் தொகை. இகர விகுதி செய்வதைக் காட்டும், மரங்கொத்தி போல. இலக்கணத்தில் குறையில்லை. சேலை முந்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மரங்கொத்தியைக் கேட்டு யாரும் கொத்துமல்லியைத் தேடுவதில்லை.

இரண்டு செய்திகள் மட்டும்.

முதலாவது, புணர்ச்சி. லகர ஈற்றின் முன் மகரம் வந்தால் னகரமாகும். கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை. ஆகவே நிழன்முந்தி என்பதே முறை.

இரண்டாவது, இதுவே முக்கியம். எவையெல்லாம் இதில் அடங்கும்? ட்ரில்லியத்தையும் தம்பி இதே பேச்சில் சேர்த்தார். நான் படித்தவரை அது பூத்து முடிந்த பிறகும் அதன் இலை கோடையில் வெகுநாள் நிற்கிறது. அதே காடுகளில் பூக்கும் ஹெபாடிகா என்ற செடியோ போன ஆண்டு இலையோடே பனிக்காலத்தைக் கழித்துவிட்டுப் பூக்கிறது. கலைச்சொல் என்றால் எல்லை வேண்டும். அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் உள்ளே விட்டால் நாளை ஒரு மாணவன் எழுதும்போது குழம்பிப்போவான்.

---

ஸ்காபரோவிலிருந்து:

> நிழன்முந்தி என்பதே முறை

ஐயா, இதை மட்டும் விட்டுத்தாருங்கள். முறைதான், ஆனால் கையேட்டில் நிழன்முந்தி என்று பார்த்தால் நம் ஆட்கள் நிழலைக் காணாமல் தேடுவார்கள். பால்மாவைப் பான்மா என்று எழுதினால் கடையில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். நிழல்முந்தி என்றே எழுதுவோம்.

> எவையெல்லாம் இதில் அடங்கும்?

இதில் நீங்கள் சொல்வது சரி. சொல்லே எல்லையைக் காட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன். தரைக்கு மேலே உள்ள வாழ்க்கை முழுவதையும் நிழல் விழுகிற நேரத்தோடு முடித்துக்கொண்டால் நிழல்முந்தி. பூவை மட்டும் முன்னால் விட்டுவிட்டு இலையோடு நிழலிலேயே காலம் தள்ளினால், அது முந்தவில்லை. அப்படிப் பார்த்தால் ட்ரௌட் லில்லி, ஸ்பிரிங் பியூட்டி, டச்மன்ஸ் பிரீச்சஸ் உள்ளே. ட்ரில்லியம், ஹெபாடிகா, பிளட்ரூட் வெளியே. அவற்றுக்கு இளவேனிற் பூக்கள் என்ற பொதுப்பெயரே போதும்.

மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ட்ரில்லியம் 1937இலிருந்து ஒன்ராறியோவின் அடையாளப் பூ, எங்கள் நடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பிளட்ரூட் என்னுடைய செல்லம். இலை பூமொட்டைச் சுற்றிச் சால்வை போர்த்தின மாதிரி மூடிக்கொண்டு மேலே வரும். வெள்ளைப் பூ விரிந்தால் இரண்டொரு நாளில் இதழ் கொட்டிவிடும். வேர்த்தண்டை வெட்டினால் செம்மஞ்சளாய்ச் சாறு கசியும், முதற்குடி மக்கள் அதைச் சாயத்துக்கு எடுத்தார்கள். பூவின் ஆயுளை வைத்துப் பார்த்தால் இதைவிட எஃபெமரல் கிடையாது. ஆனால் இலை கோடை முழுக்க விரிந்து நிற்கிறது. வெளியேதான்.

நிழல்முந்திக்கு என் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 1850களில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கன்கார்டில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எந்த மரம் எப்போது தழைத்தது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ரிச்சர்ட் பிரைமாக் என்ற உயிரியலாளரின் குழுவினர் அதே ஊரில் அதையே திரும்பக் குறித்து ஒப்பிட்டார்கள். வெப்பம் கூடியதில் பூக்கள் முன்பைவிடச் சீக்கிரம் எழுகின்றன. மரங்களோ அதைவிடச் சீக்கிரம் இலை விடுகின்றன. வெயில் கிடைக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் நகர்ந்து, மொத்தத்தில் சுருங்குகிறது. எங்கள் சொல்லில் சொன்னால், நிழல் முந்தத் தொடங்கிவிட்டது. அற்பாயுள் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க எனக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்திருக்கும்.

கையேட்டில் போகப்போவது: “நிழல்முந்தி – மரங்கள் தழைத்து நிழல் விழுமுன் இலைவிட்டு, பூத்து, காய்த்து, தழை மடிந்து, ஆண்டின் மீதிக் காலத்தை மண்ணுக்குள் கழிக்கும் பல்லாண்டுச் செடி.” திருத்தம் இருந்தால் இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு சொல் மிச்சம். இந்தச் செடிகள் பலவற்றின் விதையில் கொழுப்புச் சத்துள்ள சின்ன வெள்ளைச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையோடு போடும். அங்கே அது முளைக்கும். அந்தச் சதையை எலையோசோம் என்பார்கள். ‘எறும்புச்சதை’ என்று எழுதியிருக்கிறேன்.

---

கோயம்புத்தூரிலிருந்து:

எறும்புச்சதை என்றால் எறும்பின் சதை என்றுதான் படிப்பார்கள் அண்ணா! ஆமணக்கு விதையின் நுனியில் இதே மாதிரி வெள்ளையாக ஒரு முண்டு இருக்கும், அதையும் எறும்பு தேடி வரும். ஆமணக்கைத் தெரியாத ஆட்கள் உங்கள் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். நெய்முண்டு என்று வையுங்கள். ஒரு ஆமணக்கு விதை கிடைத்தால் பேச்சில் காட்டலாம், வாயில் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.

---

பாளையங்கோட்டையிலிருந்து:

நெய்முண்டு, சரி. புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.