சனிக்கிழமை வைக்கும் பை எந்த லோரியில் போகிறது?

கேட்டோரத்துக்காரன்:
போர்ட்டிக்சன் மாவட்டத்தின் லுக்குட் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டுக் கட்டிய தாமானில் குடியிருக்கிறேன். 2015 செப்டம்பரில் குப்பையைப் பிரித்து வைக்கும் விதி வந்தபோது, எங்கள் வரிசையில் முதலில் தனிப் பை வைத்தவன் நான்தான். சார்டின் டின்னைக்கூடக் கழுவிக் கவிழ்த்து, ஈரம் போன பிறகே பையில் போடுவேன். சென்ற சனிக்கிழமை காலை நான் கேட்டோரம் நின்றுகொண்டிருந்தபோதே, குப்பைத் தோங்கிலிருந்த பம்பர்சும் மீன் செதிலும் விழுந்த அதே லோரியின் வாயில் என் பையும் விழுந்தது. இரும்புத் தகடு இறங்கி அழுத்தியதும் டின்கள் நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிரிக்காத வீட்டுக்காரருக்கு முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, மூன்றாம் முறை 500 என்று அபராதம் வைத்திருக்கிறார்கள். பிரித்து வைத்ததைக் கலப்பவருக்கு என்ன அபராதம்? இனி நான் பிரிக்கப் போவதில்லை.

ஓய்வுபெற்ற கிராணி:
தம்பியின் கோபம் புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க மாட்டேன். 2007-இல் இயற்றப்பட்டு 2011 செப்டம்பரில் நம் நெகிரி செம்பிலானில் நடைமுறைக்கு வந்த, திடக்கழிவு நிர்வாகத்துக்கான 672-ஆம் சட்டத்தின்கீழ், வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பைக்கும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பழைய தளவாடம் ஆகியவற்றுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். அழுத்தும் லோரி வரும் நாளில் பையை வெளியே வைத்தால், பின்னால் தொங்கிக்கொண்டு வரும் தொழிலாளி அதை வேறு எங்கே போடுவார்? பல வீடுகளில் கிழமையே தெரியாமல் பையை வைக்கிறார்கள் என்பதை என் தெருவிலேயே பார்க்கிறேன். தம்பி கிழமையைச் சரிபார்த்தீர்களா?

கேட்டோரத்துக்காரன்:
சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறேனே, ஐயா. எங்கள் தாமானில் மறுசுழற்சி நாள் சனிக்கிழமைதான். தீபாவளி விடுமுறையால் வீட்டுக் குப்பை லோரி இரண்டு நாள் தள்ளி அன்று வந்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குத்தகையாளர் மாற்றிய நாளுக்கு நான் பொறுப்பாக முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பேப்பர் லாமா, பெசி புரோக்" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய சாமான் லோரிக்காரர், அதே டின்னைத் தராசில் நிறுத்துக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். அவருக்கு அபராதமும் தேவைப்படவில்லை, விழிப்புணர்வுப் பதாகையும் தேவைப்படவில்லை.

லயத்து மருமகள்:
கிராணி ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். தாமானுக்கு எந்த லோரி வருகிறது என்று நீங்கள் வாதாடுகிறீர்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் லயத்துக்கு எந்த லோரியும் வருவதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான 446-ஆம் சட்டப்படி எங்கள் குப்பையை அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. நடப்பில் அது டிராக்டர் வந்தால் உண்டு, வராவிட்டால் வீட்டுக்குப் பின்னால் குழிதான். திறந்தவெளியில் எரிப்பது குற்றம் என்று தெரிந்தும், மழைக்காலத்தில் குழி நிரம்பிவிட்டால் எங்கள் மாமியார் காய்ந்ததைக் கொளுத்தத்தான் செய்கிறார். ஆனால் கடற்கரைச் சாலைச் சந்தியில் குவியும் குப்பைக்கெல்லாம் லயத்துக்காரர்களே காரணம் என்று தாமான்காரர்கள் பேசுவது வருத்தமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்து அங்கே தள்ளியவரை நானே பார்த்தேன். எங்களிடம் கார் ஏது?

ஓய்வுபெற்ற கிராணி:
கிழமை விஷயத்தில் தம்பி சொல்வது நியாயம். நாள் மாறினால் அறிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் பழைய சாமான் லோரியே போதும் என்பதை ஒப்ப முடியாது. அவர் காசாகக்கூடியதை மட்டுமே எடுப்பார். குழம்பு ஊறிய அட்டையையும் உடைந்த நாற்காலியையும் தொடமாட்டார். 2012-இல் நாடு தழுவி எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ 45 விழுக்காடு உணவுக் கழிவு என்றும் 12 விழுக்காடு பம்பர்ஸ் என்றும் வந்தது. இந்த ஈரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. நம் மாவட்டத்தின் லாடாங் தானா மேராவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டினார்கள். நீர் சொட்டும் குப்பை அடுப்பில் போட்ட பச்சை விறகு மாதிரி, தன்னை உலர்த்திக்கொள்ளவே பாதிச் சூட்டைத் தின்றுவிடும். நான் சோற்றையும் காய்கறித் தோலையும் பப்பாளி மரத்தடியில் குழி வெட்டி மூடுகிறேன். மீன் முள்ளை மட்டும் ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லையென்றால் உடும்பு வந்து கிளறும். அம்மா சொன்ன மெத்தை விஷயம் வெட்கக்கேடு, ஏனெனில் வாரத்தில் அந்த ஒரு நாள் வீட்டு வாசலிலேயே அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

கேட்டோரத்துக்காரன்:
சரி, உணவுக் கழிவைப் புதைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடி மண் இருக்கிறது. ஆனால் டின்னையும் பேப்பரையும் சனிக்கிழமை வெளியே வைக்க மாட்டேன், பழைய சாமான் லோரிக்கே கொடுப்பேன். இதற்கு எனக்கு அபராதம் போடுவார்களா?

ஓய்வுபெற்ற கிராணி:
விற்றாலும் அது பிரித்ததுதானே, தம்பி? மற்றக் குப்பையோடு கலந்து தோங்கில் போட்டால்தான் குற்றம். பிரிக்கப் போவதில்லை என்று தொடங்கினீர்கள். இப்போது என்னைவிட நன்றாகவே பிரிக்கப் போகிறீர்கள்.

கேட்டோரத்துக்காரன்:
அபராதத்துக்குப் பயந்து அல்ல, காசுக்காகப் பிரிக்கிறேன். இரண்டும் வேறு.

லயத்து மருமகள்:
சந்திக் குப்பையை யார் அள்ளுவது என்பதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை. நேற்று அங்கே ஒரு சோபாவும் வந்து சேர்ந்திருக்கிறது. குரங்குகள் அதன் பஞ்சைப் பிய்த்துச் சாலை முழுக்க இறைத்துவிட்டன. பள்ளி பஸ் வளைந்து வளைந்து போகிறது.