வடசென்னைப் பழம்படங்கள்: கோப்புறையா, குறிச்சொல்லா?

காசிமேட்டான்:
நம் குழு திரட்டியிருக்கும் வடசென்னைப் படங்களை இடம், பொருள், ஆண்டு என்ற வரிசையில் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்க வேண்டும். ஆளுக்கொரு குறிச்சொல் ஒட்டத் தொடங்கினால், நாளடைவில் ஒட்டியவருக்கே படம் அகப்படாது.

வண்ணை வாசகர்:
வரிசை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் படத்தை இராயபுரத்தில் வைப்பீர்களா, ரயில்வேயில் வைப்பீர்களா, பழைய கட்டடங்களில் வைப்பீர்களா? அலமாரியில் ஒரு புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்கும் என்பதால் வந்த கட்டாயத்தைக் கணினியின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையிலேயே, ஒரு பொருளை ஒற்றைக் கிளையில் தொங்கவிடாமல், இடம், காலம் உள்ளிட்ட பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தார்.

காசிமேட்டான்:
பிரித்தார், ஆனால் எந்த முகத்தில் எதை எழுதலாம் என்பதற்கு அட்டவணையும் வகுத்தார், ஐயா. நம்மிடம் அது எங்கே இருக்கிறது? ஒருவர் ‘ராயபுரம்’ என்கிறார், இன்னொருவர் ‘இராயபுரம்’ என்கிறார். மீன் ஏலப் படத்துக்கு நான் ‘வஞ்சிரம்’ என்று குறித்தால், கன்னியாகுமரிக்காரரான நம் நண்பர் அதே மீனுக்கு ‘நெய்மீன்’ என்று குறிக்கிறார். ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது.

வண்ணை வாசகர்:
அது நியாயமான குறை. அதற்கு மருந்து சொற்பட்டியல், கோப்புறை அன்று. ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொண்டு, மற்றவற்றை அதனிடம் திருப்பிவிட்டால் போதும். பழம்பெயரை மட்டும் அழித்துவிடக் கூடாது: ஜார்ஜ் டவுனை ‘பிளாக் டவுன்’ என்று குறிக்கும் அட்டை இருந்தால், அந்தப் பெயரும் பதிவில் அப்படியே நிற்க வேண்டும்.

பெரம்பூர் நிரலர்:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். குறிச்சொற்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால், அந்த மென்பொருள் நின்றுபோகும் நாளில் அவையும் போய்விடும். படக் கோப்புக்குள்ளேயே எழுதலாம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது, நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் அனுப்புகிறோம்.

காசிமேட்டான்:
அதனால்தானே கோப்புறை கேட்டேன்!

பெரம்பூர் நிரலர்:
தனிப் படமாக அனுப்பினால் கோப்புறையும் கூடவே வராது. ஒவ்வொரு படத்துக்கும் எண் ஒன்று கொடுத்து, அதையே கோப்பின் பெயராக வைத்து, இடம், காலம், தொழில் மூன்றையும் அந்த எண்ணுக்கு நேராகச் சாதாரண விரிதாளில் எழுதி வையுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக மட்டும் அனுப்புங்கள், எண் பெயரோடு போய்ச் சேரும்.

வண்ணை வாசகர்:
காலம் தெரியாத படங்களே மிகுதி. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவோமா, ‘ஏறத்தாழ’ என்று எழுதுவோமா?

காசிமேட்டான்:
வெறுமையாக விடுங்கள். ஊகத்தை எழுதினால், அடுத்து வருபவர் அதையே ஆண்டாக எடுத்துக்கொள்வார்.