ஆராய்ச்சி என்று வந்தவர்கள் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள்?

பவானி அம்மிணி
எனக்கு ஆட்டிசம், 27 வயது. போன வருடம் ஆராய்ச்சிக்காக இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஐசா படிவம் தெரியும்தானே, ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கிற அந்த 40 கேள்விகள். ஆரம்பத்திலேயே கண்ணைப் பார்ப்பது பற்றிய கேள்வி. நான் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். "ஏனுங்கம்மா, பாப்பா கண்ணைப் பார்த்துப் பேசுதுங்களா?" என்று அம்மாவைக் கேட்கிறார். "என்னைக் கேளுங்க, நானே சொல்றேன்" என்றேன். "இருக்கட்டும் கண்ணு" என்று சிரித்துவிட்டு, அம்மா சொன்னதற்கு டிக் அடித்தார். அந்தப் பேனா நகர்ந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கண்ணைப் பார்த்தால் எனக்குப் பேச்சு காதில் ஏறாது. இதைச் சொல்ல அந்தத் தாளில் கட்டமே இல்லை.

திருப்பூர் செக்கிங்
எனக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவம் முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது எட்டாவது. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து "இங்கே ஒரு கையெழுத்துங்க" என்றார், அவ்வளவுதான். ரிசல்ட் எனக்கு வருமா என்றால், "ஜர்னலில் வரும்" என்கிறார். ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்தில் எப்படி வேலை பார்க்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது.

தாராபுரத்து அப்பா
பேச்சு வருகிறவர்கள் பேசுகிறீர்கள், சரி. என் பையனுக்கு 14 வயது, ஒரு வார்த்தை வராது. பெற்றவனைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள்? அம்மிணி, உங்கள் அம்மா மேல் கோபப்படாதீர்கள். எங்களுக்கும் ஒன்று நடந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற ஈ.ஈ.ஜி. தொப்பியை மாட்டும்போது பையன் தட்டித் தட்டி விட்டான். கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

சத்தி டீச்சர்
அண்ணா, தட்டி விட்டதுதான் அவன் சொன்ன பதில். அதைக் கேட்டு எழுந்து வந்தீர்களே, அது பெரிய விஷயங்க. என் வகுப்பில் ஒரு பையன் கேள்வித்தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். வந்தவர்கள் அடுத்த தாளை நீட்டினார்கள்.

எல்லாருக்கும் சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படியுங்கள். சம்பந்தப்பட்டவருக்குப் புரிகிற முறையில் சொல்லி, அவர் மனமார ஒத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சி செய்யக் கூடாது. இதற்கென்று அரசு அமைக்கும் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ, அவர்களுக்கான பதிவு பெற்ற சங்கத்தாரோ இருக்க வேண்டும். அதனால் யாராவது வந்தால் முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், ஒரு நகல் வாங்கி வையுங்கள். பாதியில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பேசாத பிள்ளைக்குப் படஅட்டையோ எழுத்துப் பலகையோ வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டிசக்காரரான ஜிம் சின்க்ளேர் 1993-லேயே பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்றார். 2012-ல் டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசக்காரர்தான், ஆட்டிசக்காரர், மற்றவர்கள் என்று புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். இப்படி ஆட்டிசக்காரர்களே ஆராய்ச்சி செய்கிறார்கள். இங்கே இன்னும் அம்மாவைப் பார்த்தே கேள்வி கேட்கிறார்கள்.

பவானி அம்மிணி
அண்ணா, அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லைங்க. அம்மாவிடமும் கேட்கட்டும், என்னிடமும் கேட்கட்டும். உங்கள் பையன் தட்டி விட்டதை அவர்கள் எழுதிக்கொண்டார்களா?

தாராபுரத்து அப்பா
"ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள் அம்மிணி. டீச்சர், அந்த எழுத்துப் பலகை பழக்குகிறவர்கள் தாராபுரம், காங்கேயம் பக்கம் யாராவது இருக்கிறார்களாங்க?