ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட் மாற்றலாமா?

பீளமேடு_டர்னர்:
சிஎன்சியில் பம்ப் ஷாஃப்ட் ஓட்டுகிறேன். விட்டம் 25 மி.மீ., மேலும் கீழும் 20 மைக்ரான் வரை போகலாம். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் அளந்து, 8 மைக்ரான் கூடியிருந்தால் ஆஃப்செட்டில் (கருவியின் நிலையைத் திருத்த மெஷினில் போடும் எண்) 8 குறைக்கிறேன். புதிதாக வந்த தர ஆய்வாளர் கையை வைக்காதே என்கிறார். அளவு விலகுவது கண்ணுக்குத் தெரிந்தும் எப்படி விடுவது?

சார்ட்_பிரியன்:
அவர் சொல்வதுதான் சரி, அண்ணா. எதையும் தொடாமல் 50 பீஸ் ஓட்டினாலும் அளவு ஏறி இறங்கத்தான் செய்யும். கம்பியின் கடினம், கூலன்ட் சூடு, சக் பிடிப்பு, அளக்கிற கை எல்லாம் சேர்ந்த ஆட்டம் அது. இந்த பீஸில் வந்த 8 அடுத்ததிலும் வரும் என்று நம்பித் திருத்துகிறீர்கள். அது வராது. பழைய ஆட்டத்தைப் புதிய ஆட்டத்தோடு சேர்த்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். தர நிபுணர் டெமிங் புனல் வழியாகக் கோலியை விழவிட்டுக் காட்டியது இதைத்தான்: கோலி விழுந்த இடத்தைப் பார்த்துப் புனலை ஒவ்வொரு தடவையும் நகர்த்தினால் சிதறல் கூடத்தான் செய்யும். சிக்மா, அதாவது சராசரியைச் சுற்றி அளவு சிதறும் அளவு, 5 மைக்ரான் என்றால், ஏறக்குறைய எல்லா பீஸும் விழும் மூன்று சிக்மா 15, எல்லைக்குள் அடங்கும். ஒவ்வொரு தடவையும் திருத்தினால் சிக்மா 7 ஆகிவிடும். மூன்று சிக்மா 21. நல்ல மெஷினில் நாமே ரிஜெக்ட் உண்டாக்குகிறோம்.

பீளமேடு_டர்னர்:
வெட்டுகிற முனையான இன்செர்ட் தேயாதா தம்பி? தேயத் தேய விட்டம் ஏறிக்கொண்டே போகும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சாயங்காலம் மொத்த லாட்டும் போச்சு. பதினெட்டு வருஷமாக லேத்தில் நிற்கிறேன், இது கணக்கில் வராத விஷயம் இல்லை.

சார்ட்_பிரியன்:
தேய்மானத்தை விடச் சொல்லவில்லை. அது காரணம் தெரிந்த விலகல், திருத்தியே ஆகவேண்டும். 1924-ல் ஷூஹார்ட் என்ற தர நிபுணர் கட்டுப்பாட்டு வரைபடத்தை (கன்ட்ரோல் சார்ட்) போட்டதே தானாக வரும் ஆட்டம், காரணம் தெரிந்த விலகல் என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான். மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்த 5 பீஸ் எடுத்துச் சராசரி பாருங்கள். அது 25-லிருந்து 7 மைக்ரான் தாண்டினால், அல்லது விடாமல் ஒரே பக்கம் ஏறினால், தொடுங்கள்.

அம்பத்தூர்_ஷாப்:
எங்களுக்கு வருவது 30 பீஸ் லாட். சராசரி போடுவதற்குள் வேலை முடிந்துவிடும். டிராயிங் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

சார்ட்_பிரியன்:
எல்லையைத் தாண்டிய பிறகுதானே அது உங்களுக்குச் சொல்லும், சார்? அதற்குள் கம்பி வீணாகிவிட்டது. லாட் சின்னது என்றாலும் மெஷின் ஒன்றுதான். வேறு வேறு ஜாப் ஆனாலும் டிராயிங் அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் குறித்தால் ஒரே சார்ட்டில் போடலாம். ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஜாப்களை மட்டும் சேருங்கள்.

பீளமேடு_டர்னர்:
சரி, நாளைக்கு 50 பீஸ் தொடாமல் ஓட்டி, அளவை எல்லாம் எழுதி இங்கே போடுகிறேன். ஆனால் இன்செர்ட் மாற்றியதும் முதல் பீஸைப் பார்த்து ஆஃப்செட் போடுவேன். அதை யார் சொன்னாலும் விடமாட்டேன்.

சார்ட்_பிரியன்:
விடவேண்டாம் அண்ணா. ஒன்றை மட்டும் பார்க்காமல் மூன்றைப் பார்த்துப் போடுங்கள்.