கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லேசர்: 285 மைக்ரோன் மிஞ்சுகிறதே, பிறகு ஏன் முடியாது?

பம்பலப்பிட்டி_அக்கா:

தம்பிக்கு 22 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோல் புடைக்கும் நோய்) என்று கருவிழியை அளக்கும் பென்டகாம் ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ரிப்போட்டில் உள்ளது இதுதான்.

வலது: மிக மெல்லிய இடம் 470 மைக்ரோன், கே-மெக்ஸ் (கருவிழியின் உச்ச வளைவு) 49.6, கண்ணாடி −3.50, சிலிண்டர் −1.50. கண்ணாடியோடு 6/6.
இடது: மிக மெல்லிய இடம் 446, கே-மெக்ஸ் 54.8. கண்ணாடி போட்டும் 6/18 தான்.

ஓர் இடத்தில் லேசிக் (கண்ணாடிப் பவரைக் கழற்றும் லேசர்) கூடவே கூடாது என்றார்கள். இன்னோர் இடத்தில் லேசரும், கருவிழி நார்களை இறுக்கும் குரொஸ்லிங்கிங்கும் சேர்த்துச் செய்யலாம் என்றார்கள். வலது கண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லேசிக்கில் வெட்டித் திறக்கும் மடலான ஃபிளாப் 110. ஒரு டயொப்டருக்கு 15 மைக்ரோன்படி 5 டயொப்டருக்கு 75. 470இல் 185 கழித்தால் 285 மிஞ்சுகிறது. 250 மிஞ்சினால் போதும் என்றுதானே எங்கும் எழுதியிருக்கிறார்கள்? பிறகு எதற்காக மறுக்கிறார்கள்? இந்தச் 'சேர்த்துச் செய்யும்' லேசர் வேறா?

கருவிழி_மேசை:

அக்கா, உங்கள் கணக்கு சரி. 185ஐ 470ஆல் வகுத்தால் 39 சதவீதம் சொச்சம் வரும். மாற்றப்படும் திசு 40 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது, அதிலும் மயிரிழையில் தேறிவிடும். ஆனால் இந்த இரண்டு விதியும் நோயில்லாத கருவிழிக்கு எழுதியவை. நல்ல கருவிழியில் எவ்வளவு எடுத்தால் அது பின்னாளில் புடைக்காது என்பதுதான் அந்தக் கணக்கு. தம்பியின் கருவிழி கத்தி படாமலே புடைக்கத் தொடங்கிவிட்டது. 470 இருக்கும்போதே தாங்க முடியாத ஒன்று 285இல் எப்படித் தாங்கும்?

எங்கிருந்து வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். கருவிழியின் நார்கள் முன்பக்க மூன்றிலொரு பங்கில்தான் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன, வலிமை அங்கேதான். லேசிக் ஃபிளாப் அந்த இடத்தை வெட்டித் திறக்கிறது. திரும்ப மூடினாலும் அந்த மடல் பாரம் தாங்குவதில்லை. ஸ்மைல் என்ற இன்னொரு பவர் லேசரில் ஃபிளாப் இல்லை, ஆனால் உள்ளிருந்து திசு எடுக்கிறார்கள், ஆகவே கெரட்டோகோனஸுக்கு அதுவும் ஆகாது. 'எங்களிடம் ஃபிளாப் இல்லாத லேசர் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் போகவேண்டாம்.

குழப்பம் முழுக்க 'லேசர்' என்ற சொல்லால் வருகிறது. கெரட்டோகோனஸில் அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. கண்ணாடிப் பவரைக் கழற்றும் லேசிக், ஸ்மைல் ஒன்று. அது வேண்டாம். இரண்டாவது, டொப்போகிராபி என்ற கருவிழி மேடுபள்ளப் படத்தைப் பார்த்து மேட்டைக் கொஞ்சம் செதுக்கி, அதே நாளில் குரொஸ்லிங்கிங்கும் செய்வது. ஏதன்ஸ் புரொட்டோகோல் என்பார்கள். மூன்றாவது, கருவிழிக்குள் வளையத் துண்டு வைக்கச் சுரங்கம் வெட்டும் ஃபெம்டோ லேசர். அது பவரைத் தொடுவதில்லை, பாதை போடுகிறது, அவ்வளவுதான். நாலாவதான குரொஸ்லிங்கிங் லேசரே இல்லை. ரைபோபிளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் சேர்ந்து நார்களை இறுக்கும் வேலை.

உங்களுக்குச் சொன்னது இரண்டாவது. அதில் திசு எடுப்பதற்கு வழக்கமான உச்ச எல்லை 50 மைக்ரோன். முழுப் பவரையும் எடுக்கப் பார்ப்பதில்லை. கோணலைக் குறைத்து, கண்ணாடியோ லென்ஸோ போட்டால் தெளிவாகத் தெரியும் நிலைக்குக் கண்ணைக் கொண்டுவருவதுதான் குறிக்கோள். கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று யாராவது இதைச் சொல்லி விற்றால் அது பிழையான வாக்கு.

இப்போது தம்பியின் இலக்கங்களை வைத்துப் பாருங்கள். வலது கண் கண்ணாடியோடு 6/6 பார்க்கிறது. செதுக்கி அடையப்போவது ஒன்றுமில்லை, இழக்கத்தான் இருக்கிறது. இடது கண்ணுக்குத் தேவை உண்டு, திசு இல்லை. 446இல் எபிதீலியம் (கருவிழியின் மேல்தோல்) ஏறக்குறைய 50, செதுக்கல் 50 போனால் 346. அதன் மேல் புற ஊதா ஒளி பாய்ச்ச வேண்டும். என் அபிப்பிராயம், இரண்டு கண்ணுக்கும் இந்தச் சேர்த்துச் செய்யும் முறை பொருந்தாது. கேட்கவேண்டியது குரொஸ்லிங்கிங் மட்டும், முதலில் இடது கண்.

தெகிவளை_ஒளி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். தடிப்பு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன்.

குரொஸ்லிங்கிங்குக்கு 2003இல் வெளிவந்த டிரெஸ்டன் முறைதான் அடிப்படை. நடுவில் எபிதீலியத்தை எடுத்து, 0.1 சதவீத ரைபோபிளேவினை 30 நிமிடம் ஊறவிட்டு, 370 நனோமீற்றர் ஒளியை சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம் பாய்ச்சுவார்கள். வேகமான முறையில் 9 மில்லிவாட், 10 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் மொத்தச் சக்தி இரண்டிலும் 5.4 ஜூல் தான்.

எபிதீலியம் எடுத்த பிறகு 400 மைக்ரோன் இருக்கவேண்டும் என்ற விதி கருவிழியின் பின்புற உட்படைக் கலங்களுக்காக. அந்தக் கலங்கள் 0.35 மில்லிவாட்டுக்கு மேல் பட்டால் சேதமாகும், போனால் திரும்ப வளராது. தம்பியின் இடது கண்ணில் 446 கழிய 50, 396. விளிம்பில் நிற்கிறது.

இங்கே பலர் கேட்க மறக்கும் கேள்வி எந்த ரைபோபிளேவின் என்பது. டெக்ஸ்ட்ரான் கலந்தது கருவிழியிலிருந்து நீரை உறிஞ்சி, ஊறும் அரை மணித்தியாலத்திலேயே இன்னும் மெலியச் செய்யும். காலையில் 396 இருந்தது ஒளி போடும் நேரத்தில் அதைவிடக் கீழே போயிருக்கும். ஆகவே மெல்லிய கண்ணுக்கு டெக்ஸ்ட்ரான் இல்லாததைப் பாவிப்பார்கள். அல்லது செறிவு குறைந்த ஐப்போ-ஒஸ்மோலர் சொட்டால் கருவிழியை உப்பச் செய்து, 400ஐத் தாண்டிய பிறகு ஒளியைத் தொடங்குவார்கள். டொக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தக் கரைசல், ஒளி போடுமுன் மேசையிலேயே தடிப்பை அளப்பீர்களா?

பம்பலப்பிட்டி_அக்கா:

நன்றி, இப்போது விளங்குகிறது. இன்னும் இரண்டு. வலது கண்ணையும் உடனே செய்யவேண்டுமா? குரொஸ்லிங்கிங் நார்களை இறுக்குவது மட்டும்தான், பார்வையைக் கூட்டாது என்றால் இடது கண்ணுக்கு என்ன வழி?

கருவிழி_மேசை:

வலது: நோய் கூடுகிறதா என்று பார்க்க, மூன்று நான்கு மாதத்தில் அதே மெஷினிலேயே திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். வேறு மெஷின் ரிப்போட்டோடு ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும், இருக்கும் வளர்ச்சி மறையும். ஒரு வருடத்துக்குள் கே-மெக்ஸ் 1 டயொப்டர் ஏறினால் அது வளர்ச்சி. 22 வயது, மற்றக் கண் 54.8 என்பதால் சில டொக்டர்கள் அதற்கும் காத்திருக்கமாட்டார்கள். அது பிழையில்லை. ஒரு வருடம் சும்மா விடுவதுதான் பிழை.

கண்ணைக் கசக்குகிறாரா? இதை முதலில் எழுதியிருக்கவேண்டும். கசக்கினால் குரொஸ்லிங்கிங் செய்த கண்ணும் திரும்பப் புடைக்கலாம். ஒவ்வாமை இருந்தால் அதற்கான சொட்டு மருந்தை டொக்டரிடம் கேட்டு ஒழுங்காகப் போடவேண்டும். கண் அரித்தால் குளிர்ந்த துணி ஒத்தடம். தலையணையில் கண்ணை அழுத்திக் குப்புறப் படுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வலது கண் குரொஸ்லிங்கிங்கின் பின் ஒரு வருடமாவது அசையாமல் நின்று, கண்ணாடி வேண்டாம் என்ற ஆசையும் இருந்தால், ஐசிஎல் பற்றி அப்போது கதைக்கலாம். அது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், கருவிழியில் திசு எடுப்பதில்லை. கண்ணாடியோடு நன்றாகப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அது பலன் தரும்.

லென்ஸ்_பெட்டி:

இடது கண்ணுக்கு நான் முதலில் சொல்வது கடின லென்ஸ். 6/18 கண்ணாடியால் திருந்தாதது கருவிழியின் கோணலால். கடின லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் தேங்கும் நீர் அந்தக் கோணலை நிரப்பிவிடும். ஆர்ஜிபி என்ற வழக்கமான சின்னக் கடின லென்ஸ் உறுத்தினால் ஸ்க்ளீரல் லென்ஸ். அது 15 முதல் 18 மில்லிமீற்றர் அகலம், வெள்ளைவிழியில் உட்காரும், கருவிழியைத் தொடாது.

ஸ்க்ளீரல் லென்ஸைச் சேலைன் நிரப்பித்தான் போடவேண்டும், பிழை நடப்பது பெரும்பாலும் அந்த நிரப்புவதில். லென்ஸின் கிண்ணம் விளிம்புவரை நிரம்பாவிட்டால் குமிழி அடைபட்டு, அந்த இடத்தில் பார்வை மங்கும். முகத்தை நிலத்தோடு சமமாகக் குனிந்து போடவேண்டும். நிரப்புவது பாதுகாப்பு மருந்து கலக்காத சேலைன் மட்டும். லென்ஸ் கழுவும் கரைசலை நிரப்பினால் மணிக்கணக்கில் கருவிழியோடு ஒட்டிக் கிடந்து எரிக்கும். குழாய்த் தண்ணீர் எந்தக் காரணத்துக்கும் படக்கூடாது, அதில் வரும் அகந்தமீபா தொற்று கண்ணையே பறிக்கும். பார்மசியில் பெரிய சேலைன் போத்தல் வாங்கி நாள்கணக்கில் திறந்து வைத்துப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறைப் பாவனைக்கான சின்னக் குப்பியை வாங்குங்கள். கழற்றும்போது, லென்ஸைப் பிடித்தெடுக்கும் உறிஞ்சியை நடுவில் வைத்து இழுக்கவேண்டாம், நனைத்துக் கீழ் விளிம்பில் வைத்து உயர்த்துங்கள்.

தெகிவளை_ஒளி:

குரொஸ்லிங்கிங் செய்த பிறகு என்ன வரும் என்பதையும் முன்கூட்டியே தம்பிக்குச் சொல்லிவையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நோவு கடுமையாக இருக்கும், வெளிச்சம் கூசும். கருவிழியை மூடிவைக்கும் பண்டேஜ் லென்ஸை எபிதீலியம் மூடிய பிறகு, நாலாம் ஐந்தாம் நாளளவில், டொக்டரே எடுப்பார். வீட்டில் எடுக்கக்கூடாது. நோவுக்கு விறைப்புச் சொட்டு தரச்சொல்லிக் கேட்கவும் கூடாது, அது எபிதீலியம் மூடுவதையே தடுக்கும்.

முதல் மாதம் பார்வை முன்னையதைவிட மங்கும், ஸ்கேனில் கே-மெக்ஸ் கூடிக்கூடத் தெரியலாம். பயப்படவேண்டாம், மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பும். பயப்படவேண்டியது வேறு. குறைந்துவந்த நோவு மூன்றாம் நாளுக்குப் பிறகு திரும்பக் கூடினால், கண் சிவந்து கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது தொற்றாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே செய்தவரிடம் போங்கள், அவர் இல்லையென்றால் தேசிய கண் வைத்தியசாலைக்கு.

முன்னர் கண்ணில் ஹேர்பிஸ் வந்திருந்தால் அதை டொக்டரிடம் மறைக்கவேண்டாம். புற ஊதா ஒளி அதைத் திரும்ப எழுப்பும்.

கருவிழி_மேசை:

ஒன்று விட்டுப்போனது. அடுத்த ஸ்கேனுக்கு முன் மென் லென்ஸ் என்றால் ஒரு வாரம், கடின லென்ஸ் என்றால் இரண்டு முதல் நாலு வாரம் போடாமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவத்தைத்தான் மெஷின் அளக்கும். கடின லென்ஸ் தொடங்கமுன் இந்த இரண்டாவது ஸ்கேனை முடித்துவிடுவது சுலபம். ரிப்போட்டைக் கலரில் பிரின்ட் எடுத்து வாங்குங்கள், முடிந்தால் பென்-டிரைவிலும் கேளுங்கள். வேறொரு டொக்டரிடம் காட்டப் பதிவு செய்து போனால் கறுப்பு-வெள்ளைப் போட்டோகொப்பியை வைத்து எவராலும் ஒன்றும் சொல்லமுடியாது.